பாலம் வரும் என்று சொன்ன குரல்

தேர்தல் பிரசார ஆட்டோவில் மைக் பிடிக்கிறவளுக்குக் கட்சி கிடையாது, கொள்கை கிடையாது, தொண்டை ஒன்றுதான் உண்டு. பஸ் நிலையத்தில் கத்தும் கண்டக்டர்கள், வகுப்பில் கத்தும் ஆசிரியர்கள், விடிந்ததும் தெருத்தெருவாகக் கீரை கூவுகிறவர்கள், வீட்டில் எவ்வளவு கத்தினாலும் யார் காதிலும் விழாத தாய்மார்கள் என்று தொண்டையை நம்பிப் பிழைக்கிற எல்லாருக்கும் முதலில் என் வணக்கம். நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். நான் பட்டதைக் கொஞ்சம் கேளுங்கள்.

என் பெயர் சரோஜா. ஊர் தர்மபுரி மாவட்டத்தில் புங்கனஅள்ளி. காரிமங்கலத்திலிருந்து உள்ளே வர வேண்டும். எங்கள் ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் நரிப்பள்ளத்து ஓடை கிடக்கிறது. வெயில் காலத்தில் அதில் ஆடு மேயும். மலையில் மழை பிடித்துக்கொண்டால் ஆள் மூழ்கத் தண்ணீர் வரும், பால்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை எல்லாரும் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்த ஓடைக்கு உயரமான பாலம் ஒன்று கட்டித் தருவதாக எங்கள் தொகுதியில் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். சொன்னது அவர்கள். ஆனால் ஜனங்களின் காதில் விழுந்தது என் குரல். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

காதுகுத்துக்குப் போனவள்

காரிமங்கலத்தில் ஜாபர் பாய் மைக்செட் கடை வைத்திருக்கிறார். மகளின் காதுகுத்துக்கு ஸ்பீக்கர் சொல்லி வைக்கலாம் என்று ஒரு சந்தை நாளில் போயிருந்தேன். கடை வாசலில் பிரசார ஆட்டோ கொடி கட்டித் தயாராக நிற்கிறது, வழக்கமாகப் பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு காற்றுதான் வருகிறது, பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். நான் அவரிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லி வாதாடினேன். வாதாடி முடிப்பதற்குள் எதிர்க்கடைக்காரர் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டார்கள். பாய் எழுந்து வந்து மைக்கை என் கையில் கொடுத்து, “வாடகையே வாணாம் தங்கச்சி, இதக் கொஞ்சம் படி” என்றார்.

வேட்பாளர் வெள்ளை வேட்டியும் தோள் துண்டுமாக ஒரு விவசாயி. அவருக்காக அன்று சந்தை முழுக்கச் சுற்றிச்சுற்றிப் படித்தேன். குடிநீர், சாலை, கிணற்றுக்குக் கரண்ட் என்று வரிசையாக வந்ததில், “நரிப்பள்ளத்து ஓடையில் உயர்மட்டப் பாலம்” என்ற வரியும் இருந்தது. என் ஊர் ஓடை! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போய்விட்டது. மற்றதையெல்லாம் படித்தேன், அதை மட்டும் மனசாரச் சொன்னேன். தக்காளிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஆட்டோவை நிறுத்தி என்னிடம் சொன்னது இது: “ஏங்க்கா, இத்தினி நேரம் பேசுனதுல ஒண்ணும் மனசுல நிக்கல. பாலம்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் நாளைக்கே வந்துரும்போல இருக்குது.”

வாயால் கட்டிய பாலம்

அன்று ஆட்டோவை ஓட்டியது பாய்தான். திரும்பும் வழியில், “இந்தத் தடவை பாலம் வந்துடும் பாய்” என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஒரு பக்கம் இழுத்தது. தொகுதியின் சரித்திரத்தை அவர் எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான். அவருடைய அப்பா காலத்தில் முதலில் ஜெயித்தவர் மாட்டு வண்டியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டாராம். அடுத்து வந்தவர் ஜீப்பில் வந்தார். அதற்கடுத்தவர் ஆளே வரவில்லை, அவருடைய தலைவரின் படம் மட்டும் வேனில் வந்தது, அதற்கே ஜெயித்துவிட்டார். இந்த மூன்று பேருக்கும் பாயின் அப்பாதான் மைக். மூன்று பேரும் தவறாமல் சொன்னது நரிப்பள்ளத்துப் பாலம்.

“அப்புறம் ஏன் பாய் திரும்பத் திரும்பச் சொல்றோம்?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி சொன்னார்: “நாம ஸ்பீக்கருதானே தங்கச்சி. வண்டி மாறிக்கிட்டே வருது. எங்கப்பா வாயால கட்டுன அதே பாலத்தத்தான் நானும் கட்டிக்கிட்டிருக்கேன்.”

இரண்டு நிமிஷ எம்.எல்.ஏ.

வேட்டிக்காரர் ஜெயித்தார். அவருடைய கட்சி தோற்றது. தொகுதிக்காரர்களே, இதைவிடப் பெரிய சோதனை ஒரு மனுஷனுக்கு வரக்கூடாது. ஜெயித்த பிறகும் டவுன் பஸ்ஸில்தான் வந்து போவார், அதனால் அவருக்கு ‘பஸ் எம்.எல்.ஏ.’ என்றே பெயர். கண்டக்டர் எழுந்து இடம் கொடுத்தால்கூட உட்கார மாட்டார்.

முதல் ஐப்பசியில் ஓடை பெருகியது. அவரே வந்தார். அந்தக் கரையில் குடையுடன் நின்றுகொண்டு, இந்தக் கரையில் நின்ற எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் பேசினது காதில் விழவில்லை. தண்ணீர் வடிந்ததும் முழங்கால் சேற்றில் இறங்கி எங்கள் வீட்டுக்கே வந்து மோர் வாங்கிக் குடித்தார். பாலத்தைப் பற்றிக் கேட்டேன். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை: “நான் எதிர்க்கட்சிம்மா. சட்டசபையில எனக்கு ரெண்டு நிமிசம் குடுப்பாங்க, அதுலயும் பாதி நேரம் உக்காரு உக்காருன்னு சத்தம். என் வாழ்க்கையில நான் அதிகமாப் பேசுனது உங்க ஆட்டோவுல, உங்க வாயாலதான்.”

அலமாரியும் இஸ்திரிப் பெட்டியும்

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே நடக்கக்கூடிய விபத்து ஒன்று உண்டு. அடுத்த தேர்தலில் பெரிய கட்சிகள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்துவிட்டார்கள். பாய்க்குக் கிடைத்தது இரண்டு சுயேச்சைகள். காலையில் அலமாரிச் சின்னம், சாயங்காலம் இஸ்திரிப் பெட்டிச் சின்னம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில் கொடியை மாற்றுவோம், பேனரை மாற்றுவோம், ஒரு தம்ளர் சுக்குத் தண்ணீர் குடிப்பேன். கொடி மாறிவிடும், பேனர் மாறிவிடும், வாய் மாறாது.

இஸ்திரிப் பெட்டி வேட்பாளர் ஆட்டோவிலேயே கைகூப்பி நிற்கிறார். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில், “தாய்மார்களே, மறந்தும் இருந்துவிடாதீர்கள், உங்கள் சின்னம் அலமாரி, அலமாரி, அலமாரி!” என்று உயிரைக் கொடுத்துக் கத்திவிட்டேன். அவருடைய கூப்பிய கை அப்படியே இறங்கியது. பாய் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வராத குறை. குழாயடியில் நின்ற ஒரு பெண்தான் காப்பாற்றினார்: “வுடுங்கக்கா, அழுவாதீங்க. இஸ்திரிப் பெட்டிய அலமாரிக்குள்ளதான வெக்கறோம், ரெண்டும் ஒரே வூட்டு சாமானம்.”

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாமீன் தொகைகூடத் திரும்பாது என்று தெரிந்த அந்த இரண்டு பேரும்கூட நரிப்பள்ளத்துக்குப் பாலம் கட்டுவதாகத்தான் என்னைப் படிக்கச் சொன்னார்கள். அன்று பாய் அலுப்போடு சொன்னது: “பெரிய கட்சி பொய் சொல்லுதுன்னா செலவு பண்ணிச் சொல்லுது. இவங்களுக்கு என்னா வந்துச்சு?”

வக்கீல் போட்ட பாலம்

அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் ஒரு வக்கீல், ஆளும் கட்சி. இவர் சொன்னபடி செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஓடைக்குள் நாலு சிமெண்ட் குழாயைப் படுக்கப் போட்டு, மேலே கான்கிரீட் பூசித் தரைப்பாலம் ஒன்று அமைத்தார். திறப்பு விழாவுக்கு நான்தான் மைக். மாலை போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள், நானும் “வரலாற்றுச் சிறப்புமிக்க” என்று நாலைந்து முறை சொன்னேன். நிஜமாகவே நம்பினேன்.

முதல் மழைக்கே தண்ணீர் பாலத்துக்கு மேலே ஏறிப் போனது. மறுநாளும் ஏறிப் போனது. மலையிலிருந்து வந்த புதரும் கிளையும் குழாய்களை அடைத்துக்கொண்டதில், பாலம் இல்லாத காலத்தைவிட ஓடை இப்போது அகலமாகிவிட்டது. வக்கீலிடம் போய்க் கேட்டோம். “பாலம் இருக்கிறது, தண்ணீர்தான் அதை மதிக்கவில்லை” என்கிற தினுசில் ஒரு விளக்கம் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பால்காரர் கேனைச் சைக்கிளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “தண்ணி வந்தா பாலத்து மேல நாம போவணுமா, பாலத்து மேல தண்ணி போவணுமா? இத கொஞ்சம் மைக்குல கேட்டுச் சொல்லுக்கா.”

யாருக்கும் தெரியாத முகம்

எம்.எல்.ஏ.வின் முகத்தை எல்லாருக்கும் தெரியும், அதனால் அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகலாம். என் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் நான் வாயைத் திறக்காமல் எப்படி வாழ்வது? ரேஷன் கடையில் “பருப்பு வந்துடுச்சா?” என்று கேட்டால் வரிசையே திரும்பிப் பார்க்கும். துணிக்கடையில் “வேற கலர் இருக்கா?” என்றால் கடைக்காரர், “பாலம் வந்துச்சாக்கா?” என்பார்.

ஏரியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து, “கொஞ்சம் ரசம்” என்று கேட்டேன். பரிமாறியவர் கரண்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். பக்கத்து இலைக்காரர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். அன்று எனக்கு வந்தது ஆத்திரம். ஓட்டு வாங்கியவர் ஒருவர், ஏச்சு வாங்குகிறவள் இன்னொருத்தியா? ஒன்று பாலம் வர வேண்டும், இல்லாவிட்டால் நான் ஊமையாக வேண்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இலையை மடித்துவிட்டு எழுந்தேன். பரிமாறியவர் எதுவும் தெரியாமல் பின்னாலேயே வந்து சொன்னார்: “கோச்சுக்காதீங்கக்கா, உங்க குரலக் கேட்டதும் எந்தக் கட்சிப் பந்தின்னு ஒரு நிமிசம் கொழம்பிட்டேன்.”

எருமைக்கு யார் எம்.எல்.ஏ.?

நான் இப்படிச் சபதம் செய்துகொண்டிருக்க, தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். எங்கே கோடு போட்டார்கள் என்கிறீர்கள்? நரிப்பள்ளத்து ஓடையில். புங்கனஅள்ளி பழைய தொகுதியிலேயே நின்றுவிட்டது. எதிர்க்கரையில் இருக்கிற மேட்டூரான்கொட்டாய் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது. எங்கள் ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் எல்லாம் இப்போது அடுத்த எம்.எல்.ஏ.வின் நாட்டில். நாங்கள் சர்க்கரை வாங்க வெளிநாடு போய் வந்தோம்.

அடுத்த தேர்தலில் எங்கள் கரையில் ஜெயித்தவர் ஓய்வுபெற்ற டீச்சரம்மா, எதிர்க்கட்சி. அந்தக் கரையில் ஜெயித்தவர் கான்ட்ராக்டர் ஒருவர், ஆளும் கட்சி. டீச்சரம்மாவிடம் பாலம் கேட்டால், “ஓடை முடிகிற இடம் அவருடையது” என்பார். கான்ட்ராக்டரிடம் கேட்டால், “ஓடை ஆரம்பிக்கிற இடம் அந்தம்மாவுடையது” என்பார். அளந்து பார்க்க வந்த சர்வேயர் ஓடைக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார். எங்கள் ஊர் முனுசாமி எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டே அவரைக் கேட்டது: “சார், என் எருமை காலைல ஒரு தொகுதியில மேயுது, மத்தியானம் இன்னொரு தொகுதியில படுக்குது. அதுக்கு யாரு எம்.எல்.ஏ.ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

எல்லி?

சிரித்தது போதும். அடுத்த தேர்தலுக்கு முந்தின ஐப்பசியில் எங்கள் பக்கத்து வீட்டு லட்சுமம்மாவின் மருமகளுக்கு வலி எடுத்தது. அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், எங்களோடு தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்கள். ஆம்புலன்ஸ் அந்தக் கரையில் வந்து நிற்கிறது, அதன் விளக்கு சுற்றுவது தெரிகிறது. நடுவில் ஓடை கலங்கிச் செம்மண் நிறத்தில் போகிறது. வக்கீல் போட்ட பாலம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஆண்கள் கயிற்றுக் கட்டிலில் அவளைக் கட்டி, கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இக்கரை மரத்திலும் அக்கரை மரத்திலும் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் மார்புக்கு வந்தது. ஒருவர் கால் தவறி விழுந்தார், கட்டில் சாய்ந்தது, நாங்கள் எல்லாரும் கத்தினோம். எத்தனை தேர்தலுக்குக் கத்தியிருப்பேன், அன்று கத்தியது போல் எப்போதும் கத்தியதில்லை. எப்படியோ அந்தக் கரை சேர்ந்தார்கள். கதவை மூடிய ஆம்புலன்ஸுக்குள்ளேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் லட்சுமம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். நேராக என் வாசலில் வந்து நின்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை, சந்தேகம் கேட்பது போல மெதுவாகத்தான் கேட்டார். எல்லி என்றால் கன்னடத்தில் எங்கே. “மைக்கம்மா, நின் பிரிட்ஜு எல்லி?”

படிக்காமல் விட்ட வரி

‘நின் பிரிட்ஜு.’ எம்.எல்.ஏ.வின் பாலம் இல்லை, அரசாங்கத்தின் பாலம் இல்லை, என் பாலம். சரி, என் பாலம் என்றே வைத்துக்கொள்வோம் என்று நான் முடிவு செய்தது அன்றுதான்.

அடுத்த தேர்தல் வந்தது. டீச்சரம்மாவுக்கும் கான்ட்ராக்டருக்கும் திரும்பவும் சீட்டு. இரண்டு தொகுதிக்கும் பாய்தான் மைக்செட். வாரத்தில் பாதி அந்தக் கரை, பாதி இந்தக் கரை, ஓடையைத் தாண்டும்போது கொடி மாற்றுவோம். எழுதிக் கொடுத்ததில் பாலம் இருந்தது, இரண்டு பேருக்குமே இருந்தது. நான் மற்ற எல்லாவற்றையும் நன்றாகப் படித்தேன். பாலம் என்ற வரி வந்ததும் மைக்கில் சொன்னேன்: “இங்கே ஒரு பாலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதைப் பாலம் வந்த பிறகு படிக்கிறேன்.” அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

பாய்க்கு வேர்த்துவிட்டது. “நாம ஸ்பீக்கரு தங்கச்சி, உள்ள போறத வெளிய வுடணும்” என்று கெஞ்சினார். அதற்கு நான், “ஸ்பீக்கர யாரும் வாசல்ல வந்து கேக்கல பாய், என்னத்தான் கேக்கறாங்க” என்றேன். அவர் ஆட்டோவைக் கிளப்பினார். லட்சுமம்மா வந்து நின்றது அவருக்கும் தெரியும். கான்ட்ராக்டரின் தேர்தல் மேனேஜர்தான் ஆட்டோவை மறித்துக் குதித்தார்: “ஏம்மா, நீ எங்களுக்கு ஓட்டுக் கேக்க வந்தியா, இல்ல எங்களயே கேள்வி கேக்க வந்தியா?”

பென் டிரைவ் வந்த கதை

மேனேஜர் என்னை நிறுத்திவிட்டார். சென்னையில் பேசிப் பதிவு செய்த அழகான குரல் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்து பாயின் ஆட்டோவில் சொருகினார். தேன் ஒழுகும் குரல். பாலத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் குறையில்லாமல் சொன்னது. நான் வீட்டில் ராகி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. சீசன் போனால் அவ்வளவுதான், அடுத்த தேர்தலுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

மூன்றாம் நாள் பாயே சிரித்துக்கொண்டு வந்தார். மேட்டூரான்கொட்டாயில் ஆட்டோவைச் சுற்றிக்கொண்டார்களாம். பாலம் என்ற வரி வந்ததும், “நிறுத்து, அந்தக்கா எங்க?” என்று கேட்டார்களாம். அடுத்த ஊரிலும் அதே கதை. நான் படிக்காமல் விட்ட வரிக்கு ஒவ்வொரு ஊரிலும் ஜனங்கள் காத்திருந்திருக்கிறார்கள். கான்ட்ராக்டர் நேரில் வந்த இடத்தில் எல்லாம், “மைக்கக்கா ஏன் அதப் படிக்க மாட்டேங்குது?” என்பதுதான் முதல் கேள்வி. டீச்சரம்மாவுக்கும் இந்தக் கரையில் அதே கேள்வி. மேட்டூரான்கொட்டாய்க்காரர்கள் மேனேஜரிடம் சொன்னதை பாய் அப்படியே வந்து ஒப்பித்தார்: “மொதல்ல ஆள அனுப்புங்க சார். பென் டிரைவுகிட்ட நாங்க எப்புடிக் கேள்வி கேக்கறது?”

யார் பெயர் முதலில்?

இரண்டு பேரும் திரும்ப ஜெயித்தார்கள். ஜெயித்தபின் மறந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் விடவில்லை. மாசி மாதம், ஓடை காய்ந்து கிடக்கும்போது ஓடைக்கரை மாரியம்மனுக்கு இரண்டு ஊரும் சேர்ந்து திருவிழா எடுப்போம். மணலில் மேடை போட்டு இரண்டு எம்.எல்.ஏ.வையும் அழைக்கலாம் என்று ஊர்க்காரர்களிடம் சொன்னேன். அழைத்தோம். இரண்டு பேரும் வருவதாகச் சொன்னார்கள்.

மேடைத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விழாவில் யார் என்ன பேசுகிறார் என்பது முக்கியமே இல்லை, மைக்கில் யார் பெயர் முதலில் வருகிறது என்பதுதான் உயிர். பெயர் வரிசை மாறியதால் மேடையிலிருந்து இறங்கிப் போனவர்களை எனக்கே தெரியும். டீச்சரம்மா வயதில் மூத்தவர். கான்ட்ராக்டர் ஆளும் கட்சி. முதலில் யார்? இரண்டு பேரின் உதவியாளர்களும் தனித்தனியாக என் வீட்டுக்கு வந்தார்கள். இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: “எனக்கு வயசும் தெரியாது, கட்சியும் தெரியாது. கலெக்டர்கிட்டப் போயி இந்தப் பாலம் எங்க தொகுதிக்கு வேணும்னு யாரு மொதல்ல கேக்கறாங்களோ, அவங்க பேரு மொதல்ல.”

டீச்சரம்மாவின் ஆள் யோசித்துக்கொண்டே போனார். கான்ட்ராக்டரின் ஆள் வாசலிலேயே போனை எடுத்துப் பேசிவிட்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “பாலம் என்னா, மேம்பாலமே கேக்கச் சொல்றேன். அந்தம்மா பேரு மட்டும் முன்னாடி வந்துச்சுன்னா எங்க அண்ணன் மேடையே ஏற மாட்டாருக்கா, பாத்துக்குங்க.”

திங்கட்கிழமைகள்

இரண்டு பேருமே ஒரே காலையில் கலெக்டரிடம் போய்க் கேட்டுவிட்டார்கள். யார் முந்தினார் என்று இன்றைக்கும் சண்டை. திருவிழாவில் நான் மாரியம்மன் பெயரை முதலில் சொல்லி, அதற்கப்புறம் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் சொல்லித் தப்பித்தேன். இரண்டு கரையும் எங்களுடையதுதான் என்று இருவரும் மேடையிலேயே உரிமை கொண்டாடினார்கள். இத்தனை வருஷம் வேண்டாத பிள்ளையாகக் கிடந்த ஓடைக்கு அன்று இரண்டு சொந்தக்காரர்கள்.

அதற்கப்புறமும் சும்மா வந்துவிடவில்லை. மண் பரிசோதனை என்றார்கள், மதிப்பீடு என்றார்கள், டெண்டர் என்றார்கள். மனு கொடுக்கும் திங்கட்கிழமை தோறும் நானும் லட்சுமம்மாவும் பாயின் ஆட்டோவில் தர்மபுரிக்குப் போனோம். பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் லட்சுமம்மா வருவார், அவனுக்கு அங்கே எல்லாரும் பழக்கமாகிவிட்டார்கள். “வேலை எந்த மட்டில் இருக்கிறது?” என்று ஒவ்வொரு மேஜையிலும் கேட்போம். அடுத்த வாரம் என்றால் அடுத்த வாரமும் நிற்போம். கடைசியில் ஒரு அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தே வந்தார்: “அம்மா, மைக் இல்லாமலே உங்க குரல் மாடி வரைக்கும் கேக்குது. ஆர்டர் போட்டாச்சு, தயவு செஞ்சு கீழ போயி ஒரு காபி குடிங்க.”

இரண்டு ரிப்பன்

தூண் எழும்பியது, தளம் போட்டார்கள், கைப்பிடிச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். திறப்பு விழாவுக்குப் பாலத்தின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு ரிப்பன். டீச்சரம்மா எங்கள் பக்கம் வெட்டினார், கான்ட்ராக்டர் அந்தப் பக்கம் வெட்டினார், இருவரும் நடந்து வந்து நடுவில் கும்பிட்டுக்கொண்டார்கள். மைக்குக்குத் தர்மபுரியிலிருந்து யாரையோ வரவழைத்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைப்பானேன்? ஆனால் கைப்பிடிச் சுவரில் கை வைத்துக் கீழே பார்த்தபோது, அன்று கட்டில் சாய்ந்த இடம் தெரிந்தது. எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்று பார்த்தேன். கையில் மைக் இருந்திருந்தால் இப்படி நின்று பார்க்க நேரம் இருந்திருக்காது.

விழா முடிந்து கார்கள் எல்லாம் போய்விட்டன. ஜனங்கள் பாலத்தில் இங்கேயும் அங்கேயும் காரணமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். பாயும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போய் வந்தார். தலையில் புல்லுக்கட்டோடு மேட்டூரான்கொட்டாய்ப் பெண் ஒருத்தி நடுப்பாலத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, புடவையைச் சரி செய்துகொண்டு நின்றேன். அவள் கட்டைக்கூட இறக்கவில்லை: “பாலம் சரிங்கக்கா, நல்லாத்தான் இருக்குது. இதுமேல நடந்தேதான் போவணுமா, பஸ்ஸு எப்ப வரும்? நீங்கதான் சொல்லணும்.”

எங்கள் தொகுதியில் எம்.எல்.ஏ. அடிக்கடி மாறுவார், கட்சி மாறும், எல்லைகூட மாறும். பதில் சொல்ல வேண்டிய ஆள் மட்டும் நிரந்தரமாக நான்தான்.